கேள்வி – பதில்: ஒரே ஓர் இடைவெளி

கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் சாளரமான டெர்மினல் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்தில் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லிவிடும்.

*எனக்கு வயது 61. மகன் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு இயங்குதளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். டெர்மினலைத் திறந்தால் வெறுமையான திரையில் ஒரு டாலர் குறிதான் நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?*
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

ஐயா, அந்த டாலர் குறிக்கு 'சொல்லுங்கள், கேட்கிறேன்' என்று பொருள். முதல் வாரத்துக்கு மூன்று கட்டளைகள் போதும். நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பிடபிள்யூடி சொல்லும். அங்கே என்னென்ன இருக்கின்றன என்று எல்எஸ் காட்டும். வேறு இடத்துக்குப் போக சிடி.

முகவரி எழுதும் முறையில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. உறையின்மேல் கதவு எண்ணை முதலிலும் ஊரைக் கடைசியிலும் எழுதுவோம். கணினியில் இது தலைகீழ். ஊர், தெரு, வீடு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும், நடுநடுவே சாய்கோடு. இத்தனை ஆண்டுகள் முகவரி படித்த கண்ணுக்கு இது ஒரே நாளில் பழகிவிடும்.

பெயர்கள் ஏன் இப்படிக் குறுகிக் கிடக்கின்றன என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கட்டளைகளின் தாய்வீடான யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது, இன்றுபோல் திரையைப் பார்த்துத் தட்டும் வழக்கம் இல்லை. நொடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப் இயந்திரத்தில்தான் வேலை. ஒவ்வோர் எழுத்தையும் மிச்சப்படுத்தினார்கள். நீங்களும் மிச்சப்படுத்தலாம்: கோப்பின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துங்கள், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு கோப்பு இல்லையென்றால் மீதியை அதுவே எழுதும்.

*ஆர்எம் கொடுத்து அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் இல்லை. மீட்க வழி உண்டா?*
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கண்ணம்மா, முதலில் அந்தக் கணினியில் எதையும் புதிதாகச் சேமிக்காதே. உடனே அணைத்துவிடு. ஆர்எம் குப்பைத்தொட்டிப் பக்கமே போகாது. கோப்பின் பெயரை நீக்கி, அது இருந்த இடத்தைக் காலி என்று குறித்துவிடும். பழைய சுழலும் வன்வட்டாக இருந்தால், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை நம்பிக்கை உண்டு. யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, போட்டோரெக் என்ற நிரலை ஓடவிட்டுப் பார். கிடைப்பவை பழைய பெயர்களோடு வராது. ஒவ்வொன்றாகத் திறந்து அடையாளம் காண வேண்டும். சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு நாவலுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த நாள்களில், பிஏகே என்று முடியும் பழைய நகல்களை மட்டும் அழிக்க நினைத்தேன். ஆர்எம், இடைவெளி, நட்சத்திரம் போன்ற உடுக்குறி (*), அதை ஒட்டிப் புள்ளி பிஏகே என்று வர வேண்டும். என் விரல் உடுக்குறிக்கும் புள்ளிக்கும் நடுவே இன்னோர் இடைவெளியைத் தட்டிவிட்டது. தனியாக நிற்கும் உடுக்குறிக்கு 'இங்குள்ள அனைத்தும்' என்று பொருள். 31 அத்தியாயங்களும் போயின. திரையில் வந்தது ஒரே வரி: '.பிஏகே' என்ற கோப்பு இல்லை. அந்த வரியை நான் மறக்கவில்லை. மெய்ப்புக்காக எடுத்த அச்சுப்படியை வைத்துக்கொண்டு பதினோர் இரவுகள் மீண்டும் தட்டச்சு செய்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். அழிக்க நினைப்பதை முதலில் எல்எஸ் போட்டுப் பார்ப்பேன். பட்டியலைக் கடைசிவரை படித்த பிறகு, மேல்நோக்கு அம்பு விசையால் அதே வரியை வரவழைத்து, எல்எஸ் இருந்த இடத்தில் ஆர்எம் என்று மாற்றுவேன். மற்றபடி, ஜிஐஓ டிராஷ் என்று கோப்பின் பெயரோடு தட்டினால் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

*ஒரு கோப்பில் 'தமிழ்' என்று மட்டும் எழுதி, எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளையோடு கழித்தல் குறியும் சி என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுத்தேன். 16 என்கிறது. மூன்று எழுத்துதானே?*
– தமிழாசிரியர், மதுரை

நல்ல கேள்வி ஐயா. அது எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் 'தமிழ்' ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ஆக 15, வரி முடிவுக்கு ஒன்று. சி இருந்த இடத்தில் எம் போட்டால் 6 வரும்; அதுவும் உங்கள் இலக்கணக் கணக்கு அல்ல. டபிள்யூ போட்டால் வருகிற சொல் எண்ணிக்கையைத் தாராளமாக நம்பலாம்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல், கோப்புக்குள் சொல்லைத் தேடித்தரும் கிரெப் கட்டளையில் தேடும்போது வரும். 'கொடை' கண்ணெதிரே இருக்கும், கிரெப் இல்லை என்னும். ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கிரெப்புக்கு அவை வெவ்வேறு. பலர் தட்டச்சு செய்து அனுப்பும் தொகுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஐசியூ-டெவ்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் யூகான்வ் கட்டளை கிடைக்கும். அதற்கு எக்ஸ் விருப்பமாக என்எஃப்சி என்று கொடுத்து முழுக் கோப்பையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொண்டு, பிறகு தேடுங்கள்.

*பிரிண்டர் வேலை செய்ய இந்த வரியை ஒட்டினால் போதும் என்று நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதலில் கர்ல், ஓர் இணைய முகவரி, பிறகு செங்குத்தான நெடுங்கோடு (|), சூடோ பாஷ். ஒட்டலாமா?*
– கடை உரிமையாளர், ஈரோடு

வேண்டாம். எங்கோ இருக்கும் ஒரு நிரலை இறக்கி, உங்கள் கண்ணில் காட்டாமலே முழு அதிகாரத்தோடு ஓட்டும் வரி அது. கல்லாச்சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பீர்களா? நெடுங்கோட்டையும் அதற்குப் பின் உள்ளதையும் நீக்கிவிட்டு, கழித்தல் குறி, ஓ, ஒரு கோப்புப் பெயர் சேர்த்துக் கொடுத்தால் நிரல் அந்தக் கோப்பில் வந்து உட்காரும், ஓடாது. லெஸ் கட்டளையால் அதைத் திறந்து பாருங்கள். புரியவில்லை என்றால் அந்த நண்பரைக் கடைக்கு வரச்சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள்.