192.168 என்று வந்தால் யாரைத் தேடுவது? – வளாக நெட்வொர்க் கேள்வி பதில்

விடுதி மாணவர்: நேற்று ராத்திரியிலிருந்து எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு நெட் இல்லை. சுவர்க் கேபிள்தான், வைஃபை இல்லை. வழக்கமாக 10-இல் தொடங்கும் ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி), இப்போது 192.168.0.104.

பதில்: தம்பி, எண்ணைக் குறித்து அனுப்பினீர்களே, பாதி வேலை முடிந்தது. அது கடையில் வாங்கும் ரவுட்டர் கொடுக்கிற முகவரி. யாரோ அறையில் ரவுட்டர் வைத்து, சுவரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) துளைக்குப் பதிலாக, உள் கணினிகளுக்கான லான் (LAN) துளையில் செருகியிருக்கிறார். கணினி முகவரி கேட்டு மாடி முழுக்கக் குரல் கொடுக்கும். முதலில் பதில் சொல்பவரை நம்பிவிடும். பக்கத்து அறை ரவுட்டர், முகவரி கொடுக்கும் நம் சர்வரை முந்திவிடுகிறது. பழைய முகவரியின் கெடு முடியாதவர்களுக்கு மட்டும் நெட் ஓடிக்கொண்டிருக்கும்.

கதவு கதவாகத் தட்ட வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஏஆர்பி -ஏ' (arp -a) கொடுத்து, கேட்வேக்கு (வெளியே போகும் வழியான ரவுட்டருக்கு) நேரே உள்ள மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவியின் அடையாள எண்ணைக் கணினி மையத்துக்கு அனுப்புங்கள். மாடிக் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சில் தேடினால் எந்தப் போர்ட் (துளை), எந்த அறை என்று தெரிந்துவிடும். சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்நூப்பிங் (நம் சர்வரைத் தவிர வேறு யாரும் முகவரி கொடுக்காமல் தடுக்கும் வசதி) போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. அது எங்களைப் போன்றவர்கள் செய்யவேண்டிய வேலை.

ஆய்வக உதவியாளர்: எனக்கு 169.254 என்று வருகிறதே?

பதில்: யாருமே பதில் சொல்லவில்லை என்று பொருள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதே உதவியாளர்: மாற்றினேன், அப்படியேதான். பெருக்கித் துடைத்த பிறகுதான் இப்படி. சுவிட்ச் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாகத் துடிக்கின்றன.

பதில்: ஒரே கேபிளின் இரு முனையும் அதே சுவிட்சில் இருக்கிறதா பாருங்கள். துடைக்கும்போது கழன்ற முனையை, காலியாக இருந்த துளையில் நல்லெண்ணத்தோடு செருகியிருப்பார்கள். செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை, கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985-லேயே கொடுத்துவிட்டார். மலிவு சுவிட்சுகளில் அது இருப்பதில்லை.

பேராசிரியர்: வளாக வைஃபையில் சேர, சான்றிதழை (அது உண்மையான வளாக சர்வர்தான் என்பதற்கான அத்தாட்சி) சரிபார்க்க வேண்டாம் என்று தேர்வுசெய்யச் சொல்கிறார்கள் மாணவர்கள்.

பதில்: வேண்டாம் மேடம். அதே பெயரில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வைஃபை வைத்தால், உங்கள் போன் தானாகப் போய்ச் சேரும். பாஸ்வேர்டை உடைத்தெடுக்கத் தேவையானது அவர் கைக்குப் போய்விடும். மதிப்பெண் பதிவதும் அதே பாஸ்வேர்டில்தானே? சரிபார்க்கச் சொல்லித் தேர்வுசெய்து, மையத்தில் கேட்டு டொமைன் பெயரை (சான்றிதழில் உள்ள வளாக சர்வரின் பெயர்) நிரப்புங்கள், ஐந்து நிமிட வேலை.

விடுதி மாணவர்: ரவுட்டர் கிடைத்துவிட்டது, அண்ணா. வார்டன் அபராதம் என்கிறார்.

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். அபராதம் போட்டால் அடுத்தவன் ரவுட்டரைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பான், நாம் இரண்டு நாள் தேடுவோம். மற்றவர்களை கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்' (ipconfig /release), பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரெனியூ' (ipconfig /renew) கொடுத்துப் புது முகவரி வாங்கச் சொல்லுங்கள். 10-இல் தொடங்கினால் சரி.