தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்துவிட்டுக் குட்டியை வாங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, லேப்ரடார் நாய் பற்றியவை. நான்குமே தங்கச்சிமடம் முதல் சாயல்குடி வரையுள்ள கரையோர ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் லேப்ரடார் வளர்த்துப் போட்டிகளுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறான். சென்னையில் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். 40 நாள் குட்டி, ‘சாம்பியன் லைன்’ என்கிறார். பேப்பருடன் 30,000 ரூபாய், பேப்பர் இல்லாமல் 15,000. பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால் ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாராம். வாங்கலாமா?

பதில்: இந்த முறையில் வாங்க வேண்டாம். உங்கள் மகனின் ஆசை நல்ல ஆசை. அதற்காகவே சொல்கிறேன்.

முதலில் வயது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி 8 வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் குட்டி கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்ததற்கு வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. லேப்ரடார் ஒரு ரெட்ரீவர். எறிந்த பொருளையோ சுட்டு விழுந்த பறவையையோ பல் படாமல் கவ்வி வந்து கையில் கொடுக்கத்தான் அந்த இனத்தை வளர்த்தெடுத்தார்கள். அதன் தொழிலே வாயில் இருக்கிறது. வாய்ப்பழக்கம் முடியாத குட்டியை ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸின் டிக்கியில் அட்டைப்பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிறவர், போட்டி நாய் வளர்க்கத் தெரிந்தவராக இருக்க மாட்டார்.

அடுத்தது பேப்பர். இங்கே பேப்பர் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ். தாயும் தகப்பனும் பதிவான நாய்களாக இருந்து, போட்ட குட்டிகளையும் முறையாகப் பதிந்திருந்தால், அந்தப் பதிவுக்கு ஆகும் கட்டணம் 15,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது. ஒரே குட்டிக்குப் பேப்பரோடு ஒரு விலை, இல்லாமல் பாதி விலை என்றால் என் அனுபவத்தில் இரண்டு காரணம்தான் இருக்கும். பேப்பர் வேறொரு நாயுடையது. அல்லது பேப்பரே வராது, ‘அடுத்த மாசம் வந்துடும்’ என்ற பதில்தான் மாதாமாதம் வரும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த லேப்ரடார் கறுப்பு. பளபளவென்று நாவல்பழம் மாதிரி இருக்கும். பேப்பரோடுதான் வாங்கினோம். கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டாத குறையாகப் பத்திரப்படுத்தினோம். இரண்டு வருடம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் அதை வாங்கிப் பார்த்தார். தாய் மஞ்சள், தகப்பனும் மஞ்சள் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். ‘இரண்டு மஞ்சள் லேப்ரடார் சேர்ந்தால் மஞ்சள் குட்டிதான் பிறக்கும், கறுப்பு பிறக்காது’ என்றார். நாய் எங்களுடையது, பேப்பர் யாருடையதோ. விற்றவர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருந்தார். அந்த நாய் 12 வருடம் எங்களோடு இருந்தது, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாற்றியவர்மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

அன்று எனக்குத் தெரியாத ஒன்று மைக்ரோசிப். அரிசிமணி அளவுள்ள சில்லைக் குட்டியின் கழுத்துக்குப் பின்புறத் தோலுக்குள் ஊசியால் செலுத்தியிருப்பார்கள். ஸ்கேனரை அதன்மேல் ஓட்டினால் 15 இலக்க எண் வரும். அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்யச் சொல்லி, கடைசி இலக்கம் வரை விரல் வைத்து ஒப்பிடுங்கள். சான்றிதழை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொடுக்க விற்பவரின் கையெழுத்து தேவை. அதையும் அன்றே வாங்கிவிடுங்கள். பதிவு இல்லாத நாயைச் சாம்பியன்ஷிப் காட்சியில் இறக்க முடியாது.

‘சாம்பியன் லைன்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். மூன்று தலைமுறைப் பட்டியலில் 14 பெயர் இருக்கும்: பெற்றோர் 2, அவற்றின் பெற்றோர் 4, அதற்கும் மேலே 8. மேலே உள்ள எட்டில் ஏதோ ஒன்று பட்டம் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள். தாயா, தகப்பனா, யார் வாங்கியது என்று பெயரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

‘தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை’ என்பார்கள். லேப்ரடாருக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு இருந்த தண்ணீர் நாயின் வழிவந்த இனம் இது. நீர்நாயின் வால் மாதிரி அடி பருத்த வால், விரல்களுக்கு நடுவே தோல், தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை முடி என்று உடம்பே கடலுக்கானது. அதனால் நேரில் போய்த் தாயைப் பாருங்கள். ஒரு பந்தை எறிந்தால் எடுத்து வருகிறதா, புது ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா, உறுமுகிறதா? தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள். ‘தாய் வேற இடத்துல இருக்கு’ என்றால் அவர் வளர்ப்பவர் அல்ல, கைமாற்றி விற்பவர்.

தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டும் முன்னங்கால் முழங்கை மூட்டும் கோளாறாக அமைவது பரம்பரையாக வருவது. குட்டியில் தெரியாது, ஒரு வயதில் நொண்டும்போதுதான் தெரியும். போட்டிக்கு ஆண் குட்டி எடுத்தால் இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்று இறங்காமல் நின்றுவிட்டால் காட்சி மேடையில் அது குறை.

கேள்வி: மதுரையிலிருந்து லேப்ரடார் குட்டி வாங்கினேன். நான்காம் நாள் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டு, ஆறாம் நாள் இறந்துவிட்டது. மருத்துவர் பார்வோ என்றார். விற்றவர் ‘நல்லாத்தான் கொடுத்தேன், உங்க வீட்டுல வந்தது’ என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா? — சாயல்குடி வாசகர்

பதில்: வருத்தமாக இருக்கிறது. அந்தக் கழிச்சலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் லேசில் மறக்காது.

பார்வோ கிருமி உடம்பில் ஏறி நோயாக வெளிப்படப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சிலவற்றில் 14 நாள்வரை போகலாம். நான்காம் நாள் நோய் கண்டிருந்தால் உங்களிடம் வரும் முன்பே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் தேதி, அறிகுறி, சோதனை முடிவு எல்லாம் எழுதிய சான்று வாங்குங்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். அட்டையில் ஊசிமருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கிறதா, வெறும் பேனா எழுத்தா என்று பாருங்கள். இது முக்கியமான சாட்சி.

விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பாருங்கள். குட்டி போட்டு விற்கும் தொழிலுக்காக வாங்கியிருந்தால் மட்டும் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு தடை சொல்லும். வீட்டில் வளர்க்க வாங்கியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அவசரப்பட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள். பார்வோ கிருமி நிழலான மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். சாதாரண பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும்.

கேள்வி: எங்கள் பெண் லேப்ரடாருக்கு 14 மாதம். பக்கத்து ஊர்க்காரர் தன் ஆண் நாயோடு சேர்க்கலாம், கூலியாக ஒரு குட்டி போதும் என்கிறார். சேர்க்கட்டுமா? — மண்டபம் வாசகி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. அதே 2017 விதிகளில் 18 மாதம் நிறையாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. 8 வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. குட்டி விற்கப் போகிறீர்கள் என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்தில் வளர்ப்பாளராகப் பதிய வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் இரண்டு நாய்க்கும் மூட்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ‘ஒரு குட்டி’ என்பதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். முதல் தேர்வு யாருக்கு, ஒரே குட்டி பிறந்தால் யாருக்கு, சினை பிடிக்காவிட்டால் மறுமுறை இலவசமா என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி, முதல் தேர்வு யாருக்கு என்பதில்தான் ஆரம்பித்தது. சினைக்காலம் சுமார் 63 நாள். சிசேரியன் தேவைப்பட்டால் நள்ளிரவில் எந்த மருத்துவரிடம் ஓடுவது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளாவிட்டால் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கேள்வி: என் நாய்க்கு ஏழு மாதம். மூன்று மாதம் விட்டால் போட்டிக்குத் தயாராக்கித் தருவதாக ஒரு பயிற்சியாளர் பெரிய தொகை கேட்கிறார். கல்லூரியில் படிக்கிறேன், கட்டுப்படியாகாது. நானே பழக்க முடியுமா? — தங்கச்சிமடம் வாசகர்

பதில்: முடியும் தம்பி. போட்டியில் நாயைப் பிடித்து நிற்கப்போவது நீங்கள். அது உங்கள் குரலுக்குப் பழகுவதுதான் நல்லது. வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை என்பதால், பிரிட்டனில் நடப்பதுபோல் பறவை எடுத்துவரும் களப்போட்டி நமக்கு இல்லை. இங்கே காட்சி மேடையும் கீழ்ப்படிதல் போட்டியும்தான். இடப்பக்கம் ஒட்டி நடப்பது, உட்கார், படு, சொன்ன இடத்தில் இரு, கூப்பிட்டால் வா, எறிந்ததை எடுத்து வா. தினம் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் போதும்.

எறிந்து எடுத்துவரப் பழக்கும் டம்மி வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். பழைய வலையின் தக்கை உங்கள் ஊரில் கிடைக்காமலா போகும்? ஈயக்குண்டும் நைலான் நூலும் ஒட்டியில்லாத தக்கையாகப் பார்த்து, சாக்குத்துணியை இறுக்கிச் சுற்றித் தைத்தால் தண்ணீரில் மிதக்கும், வாய்க்கும் மெத்தென்றிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் தென்பக்கக் கடல் அலை தூக்கும் மாதங்களில், அமைதியாக இருக்கும் பாக் நீரிணைப் பக்கம், முழங்கால் ஆழத் தண்ணீரில் எறியுங்கள். ஒன்றேகால் வயதுவரை உயரத் தாண்டவைக்க வேண்டாம், மூட்டு இன்னும் முற்றவில்லை. கடலில் இறங்கும் முன் நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், தாகத்தில் உப்புத்தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். கரையேறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் காதைத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஒரே ஒரு பயம் எனக்கு. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள். தின்பண்டம் காட்டினால் எதையும் கற்றுக்கொள்ளும் குணத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். கரையில் கிடப்பதையெல்லாம் விழுங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கிடக்கும் இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ‘விடு’ என்ற சொல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டு வாசலில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தே பழக்கிவிடுங்கள்.