அலுவலகத்தில் ‘உளப் பாதுகாப்பு’ என்றால் என்ன? மாற்றம் வரும்போது அது ஏன் தேவை?

தெரியாததைத் தெரியாது என்றும் தவறைத் தவறு என்றும் சக ஊழியர்கள் முன் சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் உளப் பாதுகாப்பு. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் பரவலானது.

வீடு மாறிய நாளை நினைத்துப் பாருங்கள். பழைய சமையலறையில் மின்சாரம் போனாலும் கை தானாக உப்பு ஜாடியைப் பிடித்துவிடும். புது வீட்டில் பட்டப்பகலிலும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க வேண்டும். புது மென்பொருளோ புது மேலாளரோ வந்தால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே நாளில் கற்றுக்குட்டி ஆகிவிடுகிறார். “உப்பு எங்கே?” என்று கேட்க அவர் கூச்சப்பட்டால், தவறு உள்ளேயே புதைந்துவிடும். ‘மாற்றத்தை எதிர்க்கிறார்’ என்று நாம் முத்திரை குத்துவதில் பெரும்பகுதி இந்தக் கூச்சம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எட்மண்ட்சன் அந்த 1999 கட்டுரைக்கு முன்பு மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! அவர்கள் மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

முதல் அடியை மூத்தவர்தான் வைக்க வேண்டும்: “எனக்கும் இது புரியவில்லை, சேர்ந்து பார்ப்போமா?”

யார் மனமும் நோகாமல் இனிக்க இனிக்கப் பேசுவதே உளப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், “இந்தக் கணக்கு தவறு, ஐயா” என்று மேலாளரிடமே தயங்காமல் சொல்ல முடிவதுதான் அது.