ஒரே ஊருக்கு நான்கு மாவட்டப் பெயர்கள்: ஹங்கேரியின் பழைய பதிவுகளைப் படிக்கும் முறை

கேள்வி: என் மருமகள் ஹங்கேரிய வம்சாவளியைச் சேர்ந்தவர். பேரனுக்காக இரு குடும்பங்களின் வரலாற்றையும் தொகுத்து வருகிறேன். மருமகளின் கொள்ளுத்தாத்தா 1902-இல் தார்பா என்னும் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவில் மாவட்டம் ‘பெரெக் வார்மெஜே’ என்று இருக்கிறது. 1929-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் ‘சத்மார், உகோச்சா, பெரெக் க.எ.எ. வார்மெஜே’ என்றும், அவர் மகளின் 1953-ஆம் ஆண்டுத் திருமணச் சான்றில் ‘சபோல்ச்-சத்மார் மெஜே’ என்றும் உள்ளது. இன்றைய வரைபடமோ ‘சபோல்ச்-சத்மார்-பெரெக்’ என்கிறது. குடும்பம் இத்தனை முறை இடம்பெயர்ந்ததா? புதிய நகல்களுக்கு எங்கே எழுத வேண்டும்? கொள்ளுப்பாட்டி 1906-இல் முன்காச் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பதிவு எங்கே இருக்கும்?

பதில்: குடும்பம் எங்கும் போகவில்லை. நீங்கள் குறிப்பிடும் நான்கு பெயர்களும் தார்பா என்ற ஒரே கிராமத்தையே சுட்டுகின்றன. திசா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தக் கிராமம் இருந்த இடத்திலேயே இருக்க, ஐம்பது ஆண்டுகளுக்குள் அதன் மேலிருந்த மாவட்டம் பிளவுபட்டது, அண்டை மாவட்டங்களின் எச்சங்களோடு ஒட்டவைக்கப்பட்டது, பின்னர் வேறொரு மாவட்டத்துக்குள் கரைந்துபோனது. ஆகவே ஹங்கேரியப் பதிவுகளைத் தேடும்போது மாவட்டப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஊர், அடுத்து ஆண்டு, அதன் பிறகே மாவட்டம் என்பதுதான் சரியான வரிசை. இந்த வரிசை மாறியதால் மாதக்கணக்கில் தவறான அலுவலகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘வார்’ என்றால் கோட்டை, ‘மெஜே’ என்றால் மாவட்டம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் மன்னரான புனித இஷ்த்வான் ஆட்சியை ஒழுங்குபடுத்தியபோது, ஒவ்வொரு கோட்டையையும் அதைச் சூழ்ந்த நிலப்பரப்பையும் ‘இஷ்பான்’ எனப்பட்ட அதிகாரி ஒருவரின் பொறுப்பில் விட்டார். கோட்டையின் பெயரே மாவட்டத்துக்கும் வந்தது. சபோல்ச் மாவட்டத்துக்குப் பெயர் தந்த மண்கோட்டையின் கரைகள் திசா ஆற்றோரம் சபோல்ச் கிராமத்தில் இன்றும் உயர்ந்து நிற்கின்றன. முதலாம் லாஸ்லோ மன்னர் 1092-இல் கூட்டிய திருச்சபைப் பேரவை நடந்த ஊரும் அதுவே.

இப்படித் தோன்றிய மாவட்டங்கள் மாறாமல் நிலைத்திருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. முதல் உலகப் போருக்கு முன்பே 1876-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் மாவட்டங்களைத் திருத்தி அமைத்தது. ஹய்தூ என்ற புதிய மாவட்டம் உருவானபோது நாதுத்வார், புஷ்பெக்லதானி போன்ற ஊர்கள் சபோல்சை விட்டு அதில் சேர்ந்தன. சபோல்சின் தலைநகரும் நஜ்காள்ளோவிலிருந்து நீரெஜ்ஹாசாவுக்கு மாறியது. எனவே ஒருவருடைய மூதாதையர் நாதுத்வாரில் 1870-இல் பிறந்திருந்தால் சபோல்ச் மாவட்டம், அவருடைய தம்பி 1880-இல் அதே வீட்டில் பிறந்திருந்தால் ஹய்தூ மாவட்டம். தார்பாவைப் பொறுத்தவரை 1876 எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. அது பெரெக் மாவட்டத்திலேயே தொடர்ந்தது. 1902-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் நீங்கள் காண்பது இந்தப் பழைய பெரெக் மாவட்டம். அதன் தலைநகர் பெரெக்சாஸ். முன்காச்சும் அதற்குள்ளேயே இருந்தது. கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் பிறந்தபோது அவர்கள் ஒரே நாட்டவர் மட்டுமல்லர், ஒரே மாவட்டத்தினரும் ஆவர்.

முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரியோடு 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியனோன் சமாதான உடன்படிக்கை இந்த நிலையை உடைத்தது. ஹங்கேரி அரசு தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. வடகிழக்கு மூலையில் எல்லைக் கோடு எங்கே விழுந்தது என்பதற்கு ரயில் பாதை ஒரு முக்கியக் காரணம். சத்மார்நேமெத்தியிலிருந்து கிராய்ஹாசா, பெரெக்சாஸ் வழியாகச் சொப் சந்திப்பு வரை செல்லும் பாதை ருமேனியாவையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் இணைக்க வேண்டும் என்ற கருத்து மேலோங்கியதால், அந்தப் பாதையும் அதன் மேலிருந்த நகரங்களும் எல்லைக்கு அப்பால் போயின. பெரெக்கின் பெரும்பகுதி பெரெக்சாஸோடும் முன்காச்சோடும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சென்றது. சத்மாரின் பெரும்பகுதி, தலைநகர் நஜ்காரோயும் பெரிய நகரமான சத்மார்நேமெத்தியும் உட்பட, ருமேனியாவுக்குச் சென்றது. அண்டை மாவட்டங்களான உகோச்சாவிலும் உங்கிலும் ஹங்கேரிக்கு மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிராமங்களே. தார்பா, வாஷாரோஷ்நமேனி முதலான ஊர்கள் அடங்கிய பெரெக்கின் தென்மேற்கு ஓரம் தலைநகர் இல்லாத மாவட்டத் துண்டாக ஹங்கேரியில் நின்றது.

அந்தத் துண்டுகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விடைதான் உங்கள் திருமணப் பதிவில் இருக்கும் ‘க.எ.எ.’ என்ற மூன்றெழுத்து. ‘நிர்வாக அளவில் தற்போதைக்கு இணைக்கப்பட்ட’ என்ற நீண்ட ஹங்கேரியத் தொடரின் சுருக்கம் அது. ‘தற்போதைக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இழந்த பகுதிகள் ஒரு நாள் திரும்பிவிடும், அப்போது பழைய மாவட்டங்கள் தத்தம் உருவில் மீண்டும் எழும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒற்றைச் சொல்லில் சட்டமாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் சில கிராமங்களே எஞ்சிய உகோச்சாவின் பெயரையும் விட்டுவிடாமல் ‘சத்மார், உகோச்சா, பெரெக்’ என்று முப்பெயரிட்டார்கள். உங்கின் எச்சமும் இவ்வாறே சபோல்சோடு சேர்ந்து ‘சபோல்ச், உங்’ ஆனது. தலைநகரங்களை இழந்த மூன்று மாவட்டங்களுக்கும் மாத்தேசல்கா என்ற சிற்றூர் தலைநகரானது. ஒரு குடும்பத்தின் திருமணத் தாளில் இப்படிப்பட்ட வரலாறு மூன்றெழுத்தாக உறைந்து கிடப்பதை நான் பார்க்கும்போதெல்லாம் நெகிழ்ந்து போகிறேன்.

எதிர்பார்த்தது நடந்தது, ஆனால் நிலைக்கவில்லை. ஜெர்மனியும் இத்தாலியும் நடுவராக இருந்து 1938 நவம்பர் 2 அன்று வழங்கிய முதல் வியன்னாத் தீர்ப்பால் உங்வார் (இன்றைய உஷ்ஹோரோத்), முன்காச், பெரெக்சாஸ் ஆகியவை ஹங்கேரிக்குத் திரும்பின. 1940 ஆகஸ்ட் 30-இன் இரண்டாம் தீர்ப்பு சத்மார்நேமெத்தியையும் நஜ்காரோயையும் திருப்பித் தந்தது. இந்தச் சில ஆண்டுகளில் பிறந்தவர்களின் பதிவுகளில் பெரெக்சாஸ் மீண்டும் ஹங்கேரிய ஊராகத் தோன்றும். அது கண்டு குழம்ப வேண்டாம். போர் முடிந்ததும் இந்த மாற்றங்கள் செல்லாதவை ஆயின. 1947 பிப்ரவரி 10-இன் பாரிஸ் சமாதான உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. பெரெக்சாஸும் முன்காச்சும் அடங்கிய பகுதியைச் செக்கோஸ்லோவாக்கியா 1945 ஜூன் 29 அன்று சோவியத் ஒன்றியத்துக்கு அளித்தது. 1991 முதல் அது சுதந்திர உக்ரைனின் பகுதி. ஹங்கேரிக்குள் எஞ்சிய சத்மாரும் பெரெக்கும் 1945-இல் ‘சத்மார்-பெரெக்’ என்ற ஒரே மாவட்டமாயின.

1950-இல் வந்த சீர்திருத்தம் நாட்டின் மாவட்ட எண்ணிக்கையை 25-இலிருந்து 19-ஆகக் குறைத்தது. சத்மார்-பெரெக் சபோல்சோடு இணைந்து, நீரெஜ்ஹாசாவைத் தலைநகராகக் கொண்ட ‘சபோல்ச்-சத்மார்’ ஆனது. பெரெக் என்ற பெயர் அத்தோடு மறைந்தது. பழைய ஆட்சியின் வாடை வீசிய ‘வார்மெஜே’ என்ற சொல்லும் போய், வெறும் ‘மெஜே’ வந்தது. உங்கள் 1953-ஆம் ஆண்டுச் சான்று இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. அதே சீர்திருத்தத்தில் போல்கார், நியீரதோனி போன்ற சபோல்ச் ஊர்கள் ஹய்தூ-பிஹார் மாவட்டத்துக்குச் சென்றன என்பதை, அந்தப் பக்கத்து உறவினர் எவரேனும் இருந்தால் நினைவில் வையுங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த 1990-இல் பெரெக்கின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. 229 ஊர்கள் கொண்ட இன்றைய ‘சபோல்ச்-சத்மார்-பெரெக்’ அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2023 ஜனவரி 1 முதல் ஹங்கேரி ‘வார்மெஜே’ என்ற பழைய சொல்லையே மறுபடி அதிகாரப்பூர்வமாக்கிவிட்டது. ஆகவே ஒரு தாளில் ‘வார்மெஜே’ என்று இருப்பதால் மட்டும் அது 1950-க்கு முந்தியது என்று முடிவு செய்யக் கூடாது. சென்ற ஆண்டு வழங்கப்பட்ட நகலிலும் அந்தச் சொல் இருக்கும். காலத்தைக் கணிக்க மாவட்டத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். மூன்று பெயர்களும் சபோல்சில் தொடங்கிப் பெரெக்கில் முடிந்தால் அது 1990-க்குப் பிந்தியது.

உடன்படிக்கைக்கு முன்பே மாவட்டமும் பின்பு நாடும் மாறியதற்கு ஹங்கேரிய நாட்டுப்பண்ணை எழுதிய ஃபெரென்ஸ் கோல்செயின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. 1790-இல் அவர் பிறந்த சோதெமெதெர் அன்று கோசேப்-சோல்னோக் மாவட்டம். 1876-இல் அந்த மாவட்டமே கலைக்கப்பட்டு ஊர் சிலாஜ் மாவட்டத்துக்குள் வந்தது. இன்று அது ருமேனியாவின் சாத்து மாரே மாவட்டத்தில் இருக்கிறது. 1838-இல் அவர் இறந்து அடக்கமான சத்மார்ச்செகேயோ ஹங்கேரியின் சபோல்ச்-சத்மார்-பெரெக்கில் இருக்கிறது. ஒரே மனிதருக்குப் பிறந்த இடம் ஒரு நாடு, கல்லறை இன்னொரு நாடு.

இனி நடைமுறைக்கு வருவோம். ஹங்கேரியில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1895 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. உங்கள் தாள்கள் எல்லாமே அதற்குப் பிந்தியவை என்பது நல்வாய்ப்பு. அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடும்போது கத்தோலிக்க, கிரேக்கக் கத்தோலிக்க, சீர்திருத்த, லூத்தரன் சபைகளின் பதிவேடுகளையும் யூத சமூகப் பதிவேடுகளையும் நாட வேண்டியிருக்கும். அப்போது குடும்பத்தின் மதப்பிரிவைத் தெரிந்துகொள்வது மாவட்டத்தைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியமாகும். 1828 முதல் அந்தப் பதிவேடுகளின் இரண்டாம் படி மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது என்பதால், தேவாலயப் படி அழிந்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

தார்பா இன்றும் ஹங்கேரியில் இருப்பதால், 1902, 1929, 1953 ஆகிய மூன்று நிகழ்வுகளுக்கும் ஹங்கேரியப் பதிவாளரையே அணுகலாம். 2014 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் மின்னணுப் பதிவேடு நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஹங்கேரியத் தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் பழைய மாவட்டத்தை மட்டும் எழுதினால் பெரெக்சாஸுக்குக் கேளுங்கள் என்ற பதில் வரக்கூடும். ‘தார்பா, இன்று சபோல்ச்-சத்மார்-பெரெக், நிகழ்வின்போது பெரெக்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பதிவு எண் தாளில் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

நிலத் தகராறு, மாவட்டச் சபைக் குறிப்பு போன்ற 1920-க்கு முந்தைய நிர்வாகத் தாள்களைத் தேடினால் கணக்கு மாறும். அவை ஊர் இருக்கும் நாட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்றைய மாவட்டத் தலைநகர் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் தங்கிவிட்டன. பழைய பெரெக் மாவட்டத்தின் தாள்கள் உக்ரைனின் திரான்ஸ்கார்பாத்தியா ஆவணக் காப்பகத்திலும், பழைய சத்மாரின் தாள்கள் ருமேனியாவின் சாத்து மாரேவிலும் (பழைய சத்மார்நேமெத்தி) உள்ளன. நீரெஜ்ஹாசா காப்பகத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள்.

கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவுக்கு ஹங்கேரிக்கு எழுதிப் பயனில்லை. முன்காச் இன்று உக்ரைனின் முகாச்செவோ. அந்த வட்டாரக் கிராமங்களின் பழைய பதிவேடுகளுக்கு உஷ்ஹோரோத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அதே ஆவணக் காப்பகத்திடம் விசாரியுங்கள். அவருடைய கிராமத்தின் பெயரை ஹங்கேரியம், உக்ரைனியம் என இரு வடிவிலும் கொடுங்கள். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே பெயர் கொண்ட பல ஊர்களுக்கு வேறு வேறு பெயர் சூட்ட வழிவகுத்தது. எனவே குடும்பத்தார் வாய்மொழியாகச் சொல்லும் பெயரும் 1906-ஆம் ஆண்டுத் தாளில் இருக்கும் பெயரும் சற்றே வேறுபடலாம். 1913-இல் வெளியான ஹங்கேரிய ஊர்ப்பெயர் அட்டவணையில் அந்தக் கிராமத்தையும் அது சேர்ந்திருந்த வட்டத்தையும் உறுதிசெய்துகொண்ட பிறகே கடிதத்தை அனுப்புங்கள்.