மாமிக்கும் பிஸ்டியூலா, அப்பாவுக்கும் பிஸ்டியூலாவா?

கேள்வி: மாமிக்கு பின்பக்கத்தில கட்டி வந்து உடைஞ்சு மாசக்கணக்கா சீழ் வடியுது, டொக்டர் பிஸ்டியூலா எண்டவர். இப்ப அப்பாட கிட்னி கிளினிக் கொப்பியிலயும் கையில பிஸ்டியூலா செய்யோணும் எண்டு எழுதியிருக்கு. வருத்தத்தைப் போய் ஆராவது செய்வாங்களா? பயமா இருக்கு.
வாசகி, உப்புவெளி

பதில்: பயப்படாதீங்க தங்கச்சி, ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம் இல்ல. வழமையா தொடர்பில்லாத ரெண்டு உறுப்புக்கு நடுவில, இல்லாட்டி உள்ளுறுப்புக்கும் தோலுக்கும் நடுவில ஒரு வழி உண்டாகினா உடம்பில எங்க எண்டாலும் டொக்டர்மார் பிஸ்டியூலா எண்டுதான் எழுதுவாங்க, லத்தீன்ல குழாய் எண்டு அர்த்தம். அதால எங்க இருக்கு, எதையும் எதையும் சேர்க்குது எண்டு கேட்டாத்தான் விஷயம் விளங்கும்.

மாமிக்கு இருக்கிறது எங்கட ஆக்கள் சொல்ற பவுத்திரம். மலவாசலுக்கு உள்ள இருக்கிற சின்னச் சுரப்பியில கிருமி பிடிச்சு கட்டியாகி வெளித்தோல்ல உடைஞ்சு, அந்த வழி ஆறாம அப்பிடியே நிண்டுடும், மேல வாய் மூடினாலும் உள்ள சீழ் கட்டித் திரும்ப உடையும், அதாலதான் அன்ரிபயோட்டிக் குடிக்கக் குறைஞ்சிட்டு பிறகும் வருது. கனபேர் வெக்கத்தில மூலம் எண்டு நினைச்சு கிறீம் பூசியே வருசத்தை ஓட்டுறதைப் பார்க்க எனக்கு சரியான கவலை. மாமியை சர்ஜிக்கல் கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போங்க, பெரும்பாலும் ஒப்பரேஷன்தான் வழி. காரம் ஏத்தின நூலை அந்த வழிக்குள்ள விட்டுக் கட்டி கொஞ்சங் கொஞ்சமா அறுத்து ஆத்துற பழைய ஆயுர்வேத வைத்தியர் சுஸ்ருதர் காலத்து முறையும் இருக்கு, அதுக்கும் கைதேர்ந்த வைத்தியர் வேணும்.

அப்பாட கதை வேற, அது டயலிசிஸுக்காக, அதாவது கிட்னிக்குப் பதிலா மெசினால ரத்தத்தைச் சுத்தம் செய்யுறதுக்காக, வேணுமெண்டே செய்யுற வழி. எங்கட திருகோணமலை மாவட்டத்தில பதவி சிறிபுர பக்கம் கிட்னி வருத்தக்காரர் கனபேர், அங்க இந்தச் சொல் புதுசில்ல. கையில நாடியோட (இதயத்தில இருந்து ரத்தம் வாற குழாய்) நாளத்தை (இதயத்துக்குத் திரும்பிப் போற குழாய்) சேர்த்துத் தைப்பாங்க, நாடியின்ட வேகம் பட்டுப் பட்டு நாளம் தடிக்கும், பிறகு ஒவ்வொரு டயலிசிஸுக்கும் அதிலதான் பெரிய ஊசி ரெண்டு குத்துறது. 1966ல அமெரிக்க டொக்டர்மார் பிரேசியா, சிமினோ ஆக்கள் எழுதின முறை, கழுத்தில போடுற குழாயை விட இதில கிருமி பிடிக்கிறது குறைவு. நாளம் தடிக்க கிழமைக்கணக்கா எடுக்கும், அதாலதான் முந்தியே செய்யச் சொல்றாங்க, தள்ளிப்போடாதீங்க.

செய்த கையில பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ ஆரையும் விடவேண்டாம், நேர்ஸ் மறந்தாலும் நீங்க சொல்லுங்க. இறுக்கமான மணிக்கூடு, பாரமான சாமான் பை, அந்தக் கையில சரிஞ்சு படுக்கிறது ஒண்டும் கூடாது. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில விரல் வச்சா கிர்ரெண்டு ஒரு அதிர்வு தெரியோணும், அது நிண்டா அடுத்த கிளினிக் திகதி வரும் வரைக்கும் பார்த்திருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.