கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருடம் கழித்து நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பு போனபோது பேரப்பிள்ளைகள் காலையில் கலர் கலரான சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியான தானிய உணவு) பெட்டிகளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது வீட்டில் ஒரு பெட்டிகூட இல்லை. முட்டை, தயிர், அதுவும் இல்லாவிட்டால் காரில் ஏறும்போது கையில் சாக்லெட் கட்டி மாதிரி ஒரு தானிய பார். கெல்லாக்ஸ் கம்பெனியையே விற்றுவிட்டார்கள் என்கிறான் மகன். நிஜமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: நிஜம்தான் அம்மா. 2023 அக்டோபரில் அந்தக் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார்கள். வட அமெரிக்காவில் விற்கிற சீரியல் ஒரு கம்பெனி. பிரிங்கிள்ஸ் மாதிரியான நொறுக்குத்தீனியும் வெளிநாட்டு வியாபாரமும் இன்னொன்று. சீரியல் கம்பெனியை 2025இல் நுட்டெல்லா தயாரிக்கும் இத்தாலியின் ஃபெரேரோ சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நொறுக்குத்தீனி பக்கத்துக்குச் சாக்லெட் கம்பெனியான மார்ஸ் பேசிய விலை கிட்டத்தட்ட 3,600 கோடி டாலர். எது ஓடுகிறது, எது நொண்டுகிறது என்று இந்த இரண்டு தொகையே சொல்லிவிடும்.

பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதும் ஒரு காரணம்தான், ஆனால் விஷயம் உங்கள் வீட்டோடு நிற்கவில்லை. இந்தச் சாப்பாடு பிறந்ததே வைத்தியசாலையில். 1863இல் நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் 'கிரானுலா' என்று ஒன்றைச் செய்தார். கல் மாதிரி இருக்கும், ராத்திரியே ஊறவைத்தால்தான் காலையில் பல் இறங்கும். அப்புறம் மிச்சிகனில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் சானடோரியம் நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், கறி கூடாது, காரசாரம் கூடாது என்று நோயாளிகளுக்குத் தானியத்தை வேகவைத்துத் தட்டையாக்கிக் கொடுத்தார். 1896இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அவருடைய தம்பி வில் கெல்லாக் வியாபாரி. சர்க்கரை சேர்த்தால் விற்கும் என்றார், அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, 1906இல் தம்பி தனிக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். யார் சொன்னது விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1950களில் சர்க்கரை பூசிய வகைகள் வந்தன, டிவியில் கார்ட்டூனும் அதற்கு நடுவே புலி பொம்மை விளம்பரமுமாக ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது.

சீரியலின் முழு பலமும் ஒன்றுதான்: அடுப்பு பற்றவைக்க வேண்டாம். அம்மா எழுந்திருக்காவிட்டாலும் பிள்ளை தானே கொட்டிப் பாலை ஊற்றிக்கொள்ளும். அந்த பலத்தைத்தான் இப்போது மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். சீரியலுக்குக் கிண்ணம் வேண்டும், ஸ்பூன் வேண்டும், பால் இருக்க வேண்டும், உட்கார வேண்டும், பிறகு கழுவ வேண்டும். 2015இல் மின்டெல் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில், இளைய தலைமுறையில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் 'சாப்பிட்ட பிறகு கழுவ வேண்டியிருக்கிறதே' என்று சொன்னார்கள். சோம்பேறிகள் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது, ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறவனுக்குக் கிண்ணம் உதவாது, பார் உதவும். கடையில் வாங்கும் முட்டை சாண்ட்விச்சும் உதவும். இன்னொரு பக்கம், 2015–2020 காலத்துக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி கொலஸ்ட்ராலுக்கு வைத்திருந்த 300 மில்லிகிராம் உச்சவரம்பை எடுத்துவிட்டது, முட்டை குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியது. அந்த இடத்தில் சர்க்கரை ஏறியது. புரதம், புரதம் என்று எல்லோரும் பேச ஆரம்பித்த காலத்தில் கெட்டித் தயிர் வேறு வந்து சேர்ந்தது.

கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த 2020இல் மட்டும் விற்பனை ஏறியது. உட்கார நேரம் இருந்ததே! பிறகு பழையபடி இறக்கம். 2024 பிப்ரவரியில் அந்த சீரியல் கம்பெனியின் தலைவரே டிவியில் வந்து, கையில் காசு நெருக்கடியாக இருக்கும் குடும்பங்கள் இரவு உணவுக்கு சீரியல் சாப்பிடலாம் என்கிற மாதிரி பேசி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். காலையில் விலை போகாததை ராத்திரிக்குத் தள்ளப் பார்த்தார், வேறென்ன. அதற்காக ஒழிந்தே போய்விட்டது என்று நினைக்காதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் இன்றும் ஒரு வரிசை முழுக்க அதுதான் இருக்கிறது.

கேள்வி: சூடான பால் ஊற்றினால் கார்ன்ஃப்ளேக்ஸ் கூழாகிவிடுகிறது. நான் செய்வது தப்பா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, அது குளிர்ந்த பாலுக்கென்று செய்த பண்டம். சோளக் குருணையை ஆவியில் வேகவைத்து, ஓரளவு உலர்த்தி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கடும் சூட்டில் வறுக்கிறார்கள். ஏற்கெனவே வெந்த மாவு, காகிதம் போல மெல்லிசு, ஈரமே இல்லை. சூடான பால் பட்ட நிமிஷம் குடித்துவிடும். 1994இல் கெல்லாக்ஸ் மும்பைக்குப் பக்கத்தில் தலோஜாவில் ஆலை போட்டு இறங்கியபோது இங்கேதான் சறுக்கியது. நம் வீடுகளில் காலையில் பாலைக் காய்ச்சாமல் யார் தொடுவார்கள்? மொறுமொறுப்பு என்று விளம்பரம், கிண்ணத்தில் கூழ். அவல் ஊறினால் ருசி, இது ஊறினால் போச்சு. ஆறவைத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: காலை உணவுதான் ஒரு நாளின் முக்கியமான உணவு என்று சொன்னது யார்?
– வாசகி, ஈரோடு

பதில்: 1917இல் 'குட் ஹெல்த்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஏறக்குறைய இதே வாக்கியம் வந்தது. பத்திரிகையின் ஆசிரியர் யார்? மேலே சொன்ன அதே டாக்டர் கெல்லாக்! அதனால் அது பொய் என்று ஆகிவிடாது, பசித்தால் சாப்பிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் 'இரும்புச்சத்து நிறைந்தது' என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரும்பு இருக்கிறது, ஆனால் சோளத்திலிருந்து வந்தது இல்லை, பிறகு சேர்த்தது. பல வகைகளில் போடுவது நிஜமான இரும்புத் தூளே. அப்படிப்பட்டதை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வலுவான காந்தத்தைப் பையின் வெளிப்பக்கம் ஒட்டி மெல்ல நகர்த்தினால் கருப்பாகத் தூள் திரண்டு வரும், பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். உடம்புக்கு அது வேண்டியதுதான், அதில் சண்டையில்லை. நீங்கள் படிக்க வேண்டியது பெட்டியின் முன்பக்கம் இல்லை, பின்பக்கம். நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். சர்க்கரை பூசிய வகைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும். இன்னொன்று, அவர்கள் 'ஒரு வேளை' என்று போடுவது 30 கிராம் அளவுதான். உங்கள் கிண்ணத்தில் வழக்கமாகக் கொட்டுவதை ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.