லீவிங் செர்ட்டும் எழுதட்டும், பந்தும் ஆடட்டும்: அயர்லாந்தின் கார்க்கில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. கால்பந்து அகாடமியில் சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடும் 16 வயது மகன் பந்தே கதி என்று கிடந்து படிப்பைக் கோட்டை விட்டுவிடுவானோ என்பது ஒன்று. இப்போதே இங்கிலாந்துக்கு அனுப்பாவிட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும் என்று அவனுடைய அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் பயமும் பாதி குறைந்துவிடும்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி 1 முதல், 18 வயது நிரம்பாத அயர்லாந்துப் பையனை எந்த இங்கிலாந்து கிளப்பும் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதற்கு முன்பு பள்ளி வயதிலேயே கப்பலேறுவதுதான் வழக்கம். அயர்லாந்தின் கில்டேர் பையன் நேத்தன் காலின்ஸ் அப்படித்தான் ஸ்டோக் சிட்டி என்ற இங்கிலாந்து கிளப்புக்குப் போனார். 18 வயதிலேயே அந்த அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். ஆனால் அதே வழியில் போய், 19, 20 வயதில் ஒப்பந்தம் முடிந்து, கையில் லீவிங் செர்ட் என்ற பள்ளி இறுதிச் சான்றிதழும் இல்லாமல் ஊர் திரும்பிய பையன்கள் நிறைய பேர். இன்று அந்தக் கதவு 18 வரை சட்டப்படியே மூடியிருக்கிறது. பெற்றோருக்கு இது நல்ல செய்தி என்பேன். இப்போது அவசரப்பட்டு முடிவெடுக்க இங்கிலாந்தில் எதுவுமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 முதல் 18 வயதுக்குள் மாற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது. அதிலும் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் கிளப்தான் பொறுப்பு. அப்படி ஓர் அழைப்பு வந்தால், எந்தப் பள்ளி, எந்த மொழி, கடைசியில் என்ன சான்றிதழ் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் மறுத்துவிடுங்கள்.

சரி, ஜேக் ஓ'பிரையன் மாதிரி வரவேண்டும் என்கிறான் உங்கள் மகன். நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் இங்கிலாந்தின் எவர்டன் கிளப் அந்தத் தடுப்பாட்டக்காரருக்குக் கொடுத்த விலையை மட்டும் பார்க்காமல், அங்கே போய்ச் சேரும்வரை நடந்ததையும் அவன் பார்க்கவேண்டும்.

2001ல் பிறந்தவர். உங்கள் மாவட்டத்து யால் ஊர்க்காரர். முதலில் யால் யுனைடெட் கிளப், அப்புறம் கார்க் சிட்டி. 2020ல் கார்க் சிட்டி கடைசி இடத்தில் முடித்து அயர்லாந்து லீகின் முதல் நிலையான பிரீமியர் டிவிஷனிலிருந்தே இறங்கியது. அந்த கிளப்பிலிருந்துதான் 2021 தொடக்கத்தில் 19 வயதில் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் இளையோர் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போனார். பிறகு அவர்களே நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். எடுத்தார்களே தவிர, லீக் ஆட்டத்தில் இறக்கவில்லை. 2021-22 பருவத்தில் இங்கிலாந்தின் நான்காம் நிலை லீகில் ஆடிய ஸ்விண்டன் டவுனுக்கு லோன். அடுத்த வருடம் பெல்ஜியத்தின் இரண்டாம் நிலையில் இருந்த மோலன்பீக் கிளப்புக்கு லோன். வீட்டில் சொன்னால் பலருக்கு அது எந்த ஊர் என்றே தெரியாது.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த பெல்ஜிய வருடம்தான். பெரிய கிளப்பின் பெயர் போட்ட உடையோடு இளையோர் அணியிலேயே இன்னொரு வருடம் ஓட்டியிருக்கலாம். அதற்குப் பதில் வாராவாரம் பெரியவர்களோடு மோதும் இடத்துக்குப் போனார். அந்தப் பருவத்தில் மோலன்பீக் பட்டம் வென்று முதல் நிலைக்கு ஏறியது. 2023 ஆகஸ்டில் பிரான்சின் லியோன் கிளப் அவரை வாங்கியது. பேலஸ், மோலன்பீக், லியோன் மூன்றிலும் ஜான் டெக்ஸ்டர் என்ற ஒரே முதலீட்டாளரின் பங்கு இருந்ததும் வழியை எளிதாக்கியிருக்கும். திறமை மட்டும் போதும் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், தொடர்புகளுக்கும் இதில் பங்கு உண்டு.

லியோன் அந்த டிசம்பரில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. பருவம் முடிந்தபோது ஆறாவது. 2024 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி. லியோன் 2-1 என்று தோற்றது. லியோனின் அந்த ஒரு கோல், கார்னரில் எழும்பி ஓ'பிரையன் தலையால் முட்டியது. அந்த ஜூலையில் எவர்டன் அவரை வாங்கியது. சுமார் 1.7 கோடி பவுண்டு என்று செய்திகள் சொல்லின.

அத்தோடு கஷ்டம் தீரவில்லை. அங்கே முதல் அரைப் பருவம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். 2025 ஜனவரியில் டேவிட் மோயஸ் பயிற்சியாளராக வந்த பிறகுதான் தொடர்ந்து இடம் கிடைத்தது, அதுவும் பழக்கமான சென்டர் பேக்கில் இல்லை, வலது ஓரத்தில் தடுத்தாடும் ரைட் பேக்கில். அடம்பிடிக்காமல் ஆடினார். மார்ச்சில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல்தான் எவர்டனைத் தோல்வியிலிருந்து காப்பாற்றியது.

தடுப்பாட்டக்காரர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள். ஆட்டத்தைப் படிக்கும் கண் வயதோடு வருவது, ஒரு தப்பு செய்தாலும் கோல் விழும் இடம் என்பதால் பயிற்சியாளர்களும் சின்னப் பையன்களை நிறுத்தத் தயங்குவார்கள். அயர்லாந்தின் டோனிகாலைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஷேமஸ் கோல்மனும் ஸ்லைகோ ரோவர்ஸ் என்ற அயர்லாந்து கிளப்பில் ஆடிவிட்டு 20 வயதில்தான் எவர்டனுக்குப் போனார், விலை வெறும் 60,000 பவுண்டு. பின்னால் அந்த அணிக்கும் நாட்டுக்கும் கேப்டன்.

இப்போது படிப்பு. உங்கள் மகனுக்கு லீவிங் செர்ட் 18 வயதில் வரும், இங்கிலாந்துக் கதவும் அப்போதுதான் திறக்கும். ஆக இரண்டுக்கும் போட்டியே இல்லை. இருப்பது ஒரே ஒரு இடைஞ்சல்: அயர்லாந்து லீகின் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை போகும், பரீட்சையோ ஜூனில், நட்டநடுவில். தேர்வு வருடத்தில் மார்ச்சுக்குள் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து பேசி, மே மாதத்தில் எத்தனை பயிற்சி குறையும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்கில் ஹையர் லெவல் என்ற கடினமான தாளை எடுத்துத் தேறினால் கல்லூரிச் சேர்க்கைக்கு 25 போனஸ் பாயிண்ட் உண்டு, அதை அவன் விட வேண்டாம். பிப்ரவரி 1க்குள் கல்லூரிச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு கிளப் ஒப்பந்தம் வந்தால், ஒரு வருடம் தள்ளிவைக்கக் கல்லூரியிடம் கேட்கலாம். கல்லூரியில் சேர்ந்தபடியே ஆடவும் வழி இருக்கிறது: டப்ளினில் யு.சி.டி. பல்கலைக்கழகத்தின் அணி உதவித்தொகை மாணவர்களை வைத்தே அயர்லாந்து லீகில் பல வருடங்களாக ஆடுகிறது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான யு.சி.சி.யிலும் விளையாட்டு உதவித்தொகை இருக்கிறது.

நம் குடும்பங்கள் பலரும் கவனிக்காத ஒன்று குடியுரிமை. அயர்லாந்துக் குடிமகன் பிரிட்டனில் விசா இல்லாமல் வேலை செய்யலாம், கால்பந்து வீரருக்கும் இது பொருந்தும். பையனிடம் இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால், 18 ஆனாலும் வெளிநாட்டு வீரருக்கான புள்ளி முறையில் தேற வேண்டும், அகாடமிப் பையனுக்கு அது மிகக் கடினம். அவன் அயர்லாந்தில் பிறந்தவனா, பிறக்கும் முன் நான்கு வருடத்தில் மூன்று வருடம் நீங்கள் வேலை அனுமதியோடு இங்கே இருந்தீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அவன் பிறப்பாலேயே குடிமகனாக இருக்கலாம். இல்லையென்றால் உங்களில் ஒருவர் குடியுரிமை பெற்ற பிறகு அவனுக்கும் விண்ணப்பிக்கலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், 18 வரை காத்திருக்க வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இதை வீட்டில் எல்லோரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஏஜென்ட் என்று யாராவது வந்தால், முதலில் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் பையனிடம் நேரடியாகப் பேசுகிறவர் வேண்டவே வேண்டாம். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் அயர்லாந்து வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ.ஐ.யிடம் ஆலோசனை கேளுங்கள்.

அடுத்த வாரம் அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அகாடமிப் பயிற்சியாளரைப் பாருங்கள். "இவன் பெரிய ஆளாக வருவானா" என்று கேட்காதீர்கள், அதற்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. 17 வயதில் இவனை எந்த அணியில் இறக்குவதாக எண்ணம், அதற்குள் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அவனையே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.